கொத்தரிசியும் கலோரியும்: கொழும்பின் உணவுப் பங்கீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துப் பேச்சு வழக்கிலே 'சோறும் கறியும்' என்பது உணவு முழுவதையும் குறிக்கும் தொடராகும். சோறு ஒன்றே, அதனோடு தட்டிற்கு வந்துசேரும் பிற யாவும், பருப்பாயினும் மீனாயினும் கீரையாயினும், கறி என்ற ஒரே பெயரால் வழங்கும். உண்பவன் வறியவனாகுந்தோறும் சோற்றின் பங்கு பெருகிக் கறியின் பங்கு சுருங்கும். வசதி பெறுந்தோறும் இது தலைகீழாகும். உணவு விஞ்ஞானம் காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு என மூன்று பேரூட்டங்களை வகுத்து, அவற்றைக் கலோரி என்ற ஒரே அளவையாற் கூட்டிக் காட்டுகின்றது. சோறு முதலாவதின் கொள்கலம். பின்னிரண்டும் பெரும்பாலும் கறியின் வழியாகவே வருவன. பேரூட்டங்களுக்கும் கலோரிக்குமுள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள எமது மக்கள் வழக்கே நல்லதொரு வாயிலாக அமைகின்றது.

தமிழ்ச் சங்க ஏடொன்றில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ என்று கேட்போர் இருக்கலாம். மணிமேகலையின் அமுதசுரபி பற்றி நாம் எத்தனையோ கட்டுரைகள் எழுதியுள்ளோம். பசியைப் பிணியென்றே கண்ட இலக்கிய மரபு எம்முடையது. ஆயின் அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரத்திற்கு அளவை தேவைப்படவில்லை. எமது காலத்துச் சோற்றுக்கோ அளவைகள் உண்டு: சுண்டு, கொத்து, இறாத்தல், கூப்பன், கலோரி. இவற்றுள் இறுதியானதை யார் வகுத்தனர், எதற்காக வகுத்தனர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்பேசும் மக்களின் தட்டுக்கு அது எவ்வாறு வந்துசேர்ந்தது என்பனவே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாக்கள்.

முதலில் அளவையை நோக்குவோம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே, உணவு பற்றிய பேச்சில் ஒரு கலோரி எனப்படுவது. விஞ்ஞானிகள் அதனைக் கிலோகலோரி என்பர். உணவினுள்ளே கலோரி என்றொரு பொருள் இல்லை. இருப்பவை பேரூட்டங்களே. உடல் அவற்றை ஒட்சிசனோடு சேர்த்து எரிக்கும்போது வெளிப்படும் சக்தியையே நாம் கணக்கிடுகின்றோம். ஒரு கிராம் காபோவைதரேற்று ஏறத்தாழ 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். ஆய்வுகூடத்துக் கலத்தில் எரித்தாற் புரதம் இதனினும் கூடிய வெப்பத்தைத் தரும். உடலிலோ அதிலுள்ள நைதரசன் முழுமையாக எரியாது யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுவதால் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது.

இந்த எளிய எண்கள் எளிதில் வந்தவையல்ல. யேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், தசை இயங்குவதற்குப் புரதமே எரிபொருள் என்று கருதினார். உழைப்பவனுக்கு இறைச்சி வேண்டும் என்பது அதன் உட்கிடை. 1865இல் ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர், புரதமற்ற உணவை மட்டும் உண்டு சுவிற்சர்லாந்தின் பவுல்கோர்ன் மலையில் ஏறித் தம் சிறுநீரிலுள்ள நைதரசனை அளந்தனர். அவ்வேற்றத்திற்கு வேண்டிய சக்தியை எரிந்த புரதத்தினாற் கொடுத்திருக்க முடியாதெனக் கணக்குக் காட்டிற்று. மாப்பொருளும் கொழுப்புமே உழைப்பின் பிரதான எரிபொருள் என்பது இவ்வாறு துலங்கிற்று. சோறுண்டு மூட்டை சுமந்தவர்கள் இதனை முன்னரே அறிந்திருந்தார்கள் என்பது வேறு விடயம்.

இக்காலப் பகுதி கைத்தொழில் முதலாளித்துவம் முதிர்ச்சியுற்ற காலப் பகுதி என்பது மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வரவு தடைப்பட்டு, லங்காசயர் ஆலைத் தொழிலாளர் வேலையிழந்து வாடியபோது, எட்வேட் சிமித் என்னும் மருத்துவர் அவர்களது உணவை ஆராய்ந்தார். பட்டினியால் வரும் நோய்களைத் தவிர்க்கக் குறைந்தபட்சம் எவ்வளவு காபனும் எவ்வளவு நைதரசனும் உணவில் இருத்தல் வேண்டும் என்பதே பிரித்தானிய அரசு அவரிடம் கேட்ட கேள்வி. காபன் என்பது ஏறத்தாழ இன்றைய கலோரிக் கணக்கு. நைதரசன் என்பது புரதக் கணக்கு. கார்ல் மார்க்ஸ் 1864இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கவுரையிலும், பின்னர் 'மூலதனம்' முதலாம் பாகத்திலும் சிமித்தின் அறிக்கையைப் பயன்படுத்தினார். ஆளுவோர் தமது சிக்கனத்திற்காகக் கேட்டுப் பெற்ற எண்களையே அவர் ஆளுவோர்க்கெதிரான சான்றாகத் திருப்பினார். உணவின் அளவையானது உழைப்புச் சக்தியை மறுவுற்பத்தி செய்யும் செலவின் அளவையாகவே பிறந்தது என்பதும், அது இருபக்கமும் கூருடைய கருவி என்பதும் இவ்விடத்தே தெளிவாகின்றன.

யேர்மனியில் ரூப்னரும், அவரையடுத்து அமெரிக்காவின் மிடில்ரவுணில் அற்வாற்றரும் இவ்வாய்வை முழுமைப்படுத்தினர். அற்வாற்றர் 1890களில் மனிதனையே ஒரு வெப்பமானி அறையினுள் இருத்தி, உண்டதையும் உழைத்ததையும் வெளிவிட்டதையும் அளந்தார். 4, 9, 4 என்னும் எண்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. மலிந்த விலையிற் கூடிய கலோரி தரும் மாவையும் அவரையையும் வாங்காது தொழிலாளர் பணத்தை வீணாக்குகின்றனர் என்பது அவரது கருத்தாயிருந்தது. கீரையையும் பழத்தையும் அவர் பொருட்படுத்தவில்லை. உயிர்ச்சத்து என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை.

குடியேற்ற நாடுகளிலே இவ்விஞ்ஞானம் வேறொரு கோலம் பூண்டது. 1912இற் கல்கத்தாவில் மக்கே என்னும் பேராசிரியர் புரதம் பற்றி நூலெழுதி, வங்காளியின் உடல்வலிமைக் குறைவுக்கு அவனது புரதங்குன்றிய சோற்றுணவைக் காரணமாக்கினார். நீலகிரியின் குன்னூரில் மக்கரிசன் 1920களில் எலிகளுக்குச் சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராத்தியர் உணவு, வங்காளியர் உணவு, சென்னையர் உணவு எனப் பிரித்து ஊட்டினார். சீக்கியரின் கோதுமை, பால், பருப்பு உண்ட எலிகள் சிறந்தும், சென்னையரின் சோறுண்ட எலிகள் தாழ்ந்தும் காணப்பட்டன. எலிகள் பொய் சொல்லவில்லை. ஆயின் 'சென்னையர்' என்று ஒருவர் உண்டோ? தஞ்சையின் மிராசுதாருக்கும் அவர் வயலில் இறங்கிய பண்ணையாளுக்கும் ஒரே உணவு இருந்ததில்லை. வர்க்க வேறுபாட்டை இன வேறுபாடாக எழுதிக் காட்டியமையே குடியேற்றவாதச் சத்துணவியலின் அடிப்படைத் தவறு எனலாம்.

கொழும்பிலே இத்துறையின் முன்னோடி லூசியஸ் நிக்கல்ஸ். பக்டீரியவியல் நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்த அவர் 1930களில் இலங்கைச் சிறுவரை ஆராய்ந்து, தோல் சொரசொரத்துத் தேரைத்தோல் போலாகும் நிலையை விவரித்தார். அதனை அவர் உயிர்ச்சத்து ஏ குறைபாடாகக் கண்டார். பின்வந்த ஆய்வுகள் இன்றியமையாக் கொழுப்பமிலங்களின் குறைபாட்டோடும் அதனைத் தொடர்புபடுத்தின. தேங்காய் விளையும் தீவிலே கொழுப்புக் குறைபாடா என்று வியக்கலாம். தேங்காய் எங்கு விளைகின்றது என்பதன்று, யாருடைய அம்மியில் அரைபடுகின்றது என்பதே கேள்வி. நூறு கிராம் தேங்காய்ப்பூ ஏறத்தாழ 350 கலோரி தரும். அதில் 300 கலோரியளவு கொழுப்பிலிருந்தே வருவது. சொதியில் முதற்பால் விடும் வீட்டிற்கும் கப்பிப்பாலோடு ஒப்பேற்றும் வீட்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கலோரிக் கணக்கு மிக நுட்பமாகக் காட்டவல்லது. நிக்கல்சின் வெப்பமண்டலச் சத்துணவு பற்றிய நூல் 1938இல் வெளிவந்தது. மருத்துவ மாணாக்கர் பல்லாண்டுகள் பயின்ற நூல் அது.

அதே பத்தாண்டிலே கொழும்பின் தொழிலாள வர்க்கம் வேறொரு வகையில் உணவுக் கேள்வியை எழுப்பிக்கொண்டிருந்தது. 1933இல் வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலையில் நடந்த வேலைநிறுத்தம், பெரும்பான்மை மலையாளத் தொழிலாளரைக் கொண்டது. கொல்வின் ஆர். டி. சில்வா முதலிய இளைஞர் அதன் வழியாகவே தொழிற்சங்க அரங்கிற்கு வந்தனர். உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவிலே கூலி பற்றிய பிணக்கென்பது நேரடியாகச் சோறு பற்றிய பிணக்கே. அடுத்த ஆண்டின் இறுதியிற் தொடங்கி 1935 வரை பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலைப் பகுதிக்கு நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தார், கொயினாவோடு பருப்பும் மாமைற்றும் கொண்டு சென்றனர். நோயோடு பசியும் சேர்ந்தே கொல்கின்றதென அவர்கள் கண்டமையே இதற்குக் காரணம். என். எம். பெரேரா சிங்கள மக்களிடையே 'பரிப்பு மஹத்தயா', அதாவது பருப்பு ஐயா, என்று பெயர் பெற்றது அப்போதுதான்.

பருப்பைத் தெரிந்தெடுத்தமை விஞ்ஞான ரீதியாகவும் பொருத்தமானது. நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் மைசூர்ப் பருப்பும் ஏறத்தாழச் சம அளவான கலோரியைத் தருவன; இரண்டும் 345 கலோரிக்கு அண்மையில் நிற்பன. கலோரித் தராசில் அவை சமம். ஆனால் அரிசியிற் புரதம் ஏறத்தாழ 7 கிராம். பருப்பிலோ 25 கிராம். அன்றியும் அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள லைசீன் என்னும் அமினோவமிலம் பருப்பில் உண்டு. பருப்பிற் குறைவாயுள்ள மெதியோனின் அரிசியில் உண்டு. சோற்றையும் பருப்பையும் ஒருசேரப் பிசைந்துண்ணும் வழக்கம் எவரும் சொல்லிக் கொடுத்து வந்ததன்று. அது உழைக்கும் மக்களின் திரண்ட அனுபவம்.

போர் வந்தது. இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மா அரிசி. செட்டியார் தெருவின் வணிக மூலதனம் அதனை இறக்கிற்று; கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தின் கூலிகள், பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர், அதனைக் கிட்டங்கிகளுக்குச் சுமந்தனர். 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத் தொழிலாளர் பலர் நகரை விட்டோடினர். அவ்வாண்டே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் புத்தகமும் கூட்டுறவுச் சங்கக் கடையும் அன்றாட வாழ்வின் அங்கமாயின. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. அதுவரை நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சிற்றுண்டியாயிருந்த பாண், படிப்படியாகத் தொழிலாளியின் காலையுணவாயிற்று. ஒரு இறாத்தற் பாண் ஏறத்தாழ 1,100 கலோரியும் 35 கிராம் புரதமும் தரும். இடிசம்பலிற் சிறிது தேங்காயும் மாசியும் சேர்ந்தாற் கொழுப்பும் வந்துவிடும். அடுப்பு மூட்ட நேரமும் விறகும் இல்லாதவனின் உணவு அது.

ஒரு கொத்து அரிசியை இப்போது கூறிட்டு நோக்குவோம். கொத்து இரண்டு இறாத்தல், அதாவது 907 கிராம். அதில் ஏறத்தாழ 708 கிராம் காபோவைதரேற்று, 62 கிராம் புரதம், 4 முதல் 5 கிராம் வரை கொழுப்பு. நான்காலும் ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் 3,100 கலோரிக்குச் சற்று மேல் வரும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காபோவைதரேற்றே; கொழுப்பின் பங்கு நூற்றுக்கு ஒன்றளவே. ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து என்ற பங்கீடு நிலவிய காலத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 885 கலோரி கூப்பனால் உறுதிசெய்யப்பட்டது.

இந்த 885ஐ இரு தட்டுகளில் வைத்துப் பார்த்தல் பயனுடைத்து. உலக உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 1973இற் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, 65 கிலோகிராம் எடையுள்ள ஆணுக்கு இலேசான வேலையாயின் நாளொன்றுக்கு 2,700 கலோரியும், மிகக் கடின வேலையாயின் 3,500 கலோரியும் வேண்டுமென்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கிக் கோட்டைக் கந்தோருக்குச் சென்ற எழுதுவினைஞருக்குக் கூப்பன் அரிசி தேவையின் மூன்றிலொரு பங்கு. காலி வீதியின் சைவக்கடை மிகுதியைத் தந்தது. விடுமுறைக்கு ஊர் சென்று வருகையில் எள்ளுருண்டையும் ஒடியலும் மூட்டையாக வந்தன. கொட்டாஞ்சேனையின் சுமைதொழிலாளிக்கு அதே அரிசி தேவையின் காற்பங்கு. மிகுதியைத் தரும் ஊர் அவனுக்கு இல்லை. கூப்பன் இருவரையும் சமமாக நடத்திற்று. சமமற்றோரைச் சமமாக நடத்தும் ஏற்பாடு அது. எனினும் மலிந்த அரிசி இல்லையேற் துறைமுகக் கூலியே போதாதாகியிருக்கும். ஆதலின் பங்கீடு மக்கள் வென்ற உரிமையாக இருந்த அதேவேளை, கூலியைத் தாழ்த்தி வைக்க முதலாளிக்குக் கிடைத்த மானியமாகவும் இருந்தது. இம்முரண்பாட்டைக் காணாதார் பங்கீட்டை வெறும் தருமமென்றோ வெறும் வீண்செலவென்றோ கூறி அமைவர்.

1953 சூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலை மதியவுணவும் நிறுத்தப்பட்டது. நாணயக் கணக்கில் இது 45 சத உயர்வு. கலோரிக் கணக்கில் நோக்கின் அதன் கொடுமை புலனாகும்: முன்னர் ஒரு சதத்திற்கு ஏறத்தாழ 124 கலோரி வாங்கிய தொழிலாளி, பின்னர் 44 கலோரியே வாங்க முடிந்தது. அரிசி மலிவான காபோவைதரேற்றின் மூலம். அதன் விலை மூன்று மடங்காகும்போது வறியவன் அரிசியைக் குறைப்பதில்லை. பருப்பையும் கருவாட்டையும் தேங்காயையும் குறைத்து அரிசியை வாங்குவான். எனவே அரிசியின் விலையேற்றம் முதலிற் தாக்குவது புரதத்தையும் கொழுப்பையும். ஆகஸ்ட் 12ஆம் திகதி நடைபெற்ற ஹர்த்தால் கொழும்பையும் தென்மேற்குக் கரையோரத்தையும் முடக்கிற்று. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலையும் பின்னர் ஓரளவு இறங்கிற்று. கால் நூற்றாண்டுக்கு எந்த அரசும் கொத்தரிசியை அச்சமின்றித் தொடவில்லை. 1966 இறுதியிற் டட்லி அரசு அதனை ஒரு கொத்தாகக் குறைத்தபோது அவ்வொரு கொத்தையும் இலவசமாக்க வேண்டியிருந்தது. இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னோரே 1970இல் வென்றனர்.

இவ்விடத்தில் எம்மவர் குறித்தும் பேசாதிருத்தல் நேர்மையாகாது. 1970இன் கூட்டரசில் நிதியமைச்சராயிருந்தவர் என். எம். பெரேரா, அதாவது அந்தப் பருப்பு ஐயாவே. அந்நியச் செலாவணி நெருக்கடியும், 1973இல் எண்ணெய், தானிய விலைகளின் பாய்ச்சலும் அரசை நெருக்கின. பங்கீடு குறைந்தது, மைசூர்ப் பருப்பின் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது, கொழும்பில் பாணுக்கு வரிசைகள் நீண்டன, மாவட்ட எல்லைகளில் அரிசி கொண்டுசெல்வோரைத் தடுக்கும் காவலரண்கள் எழுந்தன. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட வடபகுதி விவசாயி அக்காலத்தில் நல்விலை பெற்றான் என்பதும் உண்மை. ஆயின் நிலமற்று, 1948இன் சட்டத்தாற் குடியுரிமையுமற்று நின்ற தோட்டத் தொழிலாளருக்கு அக்கொள்கையால் விளைந்தது சாவு. 1973, 74ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களின் இறப்பு வீதமும் சிசு மரண வீதமும் கடுமையாக உயர்ந்தன. பிழைப்புத் தேடிக் கொழும்பின் வீதிகளுக்கு வந்து கையேந்தினோர் பலர். இறக்குமதியைக் கட்டுப்படுத்தித் தேசிய உற்பத்தியை வளர்த்தல் கொள்கையளவிற் சரியானதென்றே நாம் இன்றும் கருதுகின்றோம். ஆயின் எந்த வர்க்கத்தின் தட்டிலிருந்து புரதத்தை எடுத்து அச்செலாவணி சேமிக்கப்பட்டது என்ற கேள்வியை அன்று அமைச்சரவையிலிருந்த இடதுசாரிகள் உரக்கக் கேட்டிலர். 1935இற் கேட்டவர்களே அவர்கள்.

அதே காலத்தில் உலக அரங்கிலும் புரதம் பற்றியே பேச்சு. ஆபிரிக்கச் சிறுவரிடம் காணப்பட்ட குவாசியோக்கர் நோயிலிருந்து கிளம்பி, வறிய நாடுகளின் முதன்மைக் குறை புரதமே என்ற கருத்து 1950களிலும் 60களிலும் வலுப்பெற்றது. 1968இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு வரவிருக்கும் புரத நெருக்கடி பற்றி அறிக்கை விட்டது. அமெரிக்காவில் மிஞ்சிய பாற்பொடிக்கும் சோயாவுக்கும் இக்கருத்து வாய்ப்பாக அமைந்தமை கவனிக்கற்பாலது. ஐதராபாத்தின் தேசியச் சத்துணவு நிறுவனத்தில் சி. கோபாலன் முதலியோர் இந்தியச் சிறுவரின் உணவை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டனர். அச்சிறுவர் உண்டது தானியமும் சிறிது பருப்புமே. அதனையே வயிறார உண்டிருந்தாற் புரதத் தேவையும் பெரும்பாலும் நிறைந்திருக்கும். அவர்களுக்கு உணவே போதவில்லை. 1974இல் மக்லாரன் என்பார் 'லான்செற்' மருத்துவ ஏட்டிற் புரதக் கொள்கையைப் பெருந்தோல்வியென்று சாடினார்.

இதன் உடலியல் காரணம் பேரூட்டங்களின் உறவை நன்கு விளக்குவது. உடலின் முதற் தேவை சக்தி. காபோவைதரேற்றும் கொழுப்பும் போதாதபோது, தசையையும் குருதியையும் கட்டவேண்டிய புரதத்தை உடல் விறகாக எரித்துவிடும். பசித்த பிள்ளைக்குப் புரத மாவை மட்டும் கொடுத்தால் அது விலையுயர்ந்த காபோவைதரேற்றாகவே செலவாகும். எனவே கலோரியின்றிப் புரதம் பயன்படாது. கலோரியைச் சோற்றால் மட்டும் நிரப்பினாலோ, சிறு வயிறு கொள்ளும் அளவிற்குள் சக்தி அடங்காது. கொழுப்பு வேண்டும், பருப்பு வேண்டும். 1973இல் கெயார் நிறுவன உதவியோடு இலங்கையில் தொடங்கிய திரிபோஷாத் திட்டத்தை இந்நோக்கில் மதிப்பிடல் வேண்டும். முப்போசாக்கு எனப் பொருள்படும் அப்பெயர், சக்தி, புரதம், நுண்சத்துகள் ஆகிய மூன்றையும் குறிப்பது. அமெரிக்க உதவித் தானியத்தோடு தொடங்கி, உள்ளூர்ச் சோளத்திற்கும் சோயாவுக்கும் அது மெல்ல மாறிற்று. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் கிளினிக்கில் வாங்கிச் சென்ற அப்பொதி பல உயிர்களைக் காத்துள்ளது. வீட்டில் எல்லோரும் பசித்திருக்கையில் அது எல்லோருக்கும் பகிரப்பட்டு, யாருக்கென வந்ததோ அவருக்குச் சிறிதே எஞ்சியமையும் பலரறிந்ததே. தாய் இறுதியில் உண்ணும் வழக்கத்தை எந்தக் கலோரி அட்டவணையும் பதிவதில்லை.

1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1978இற் பங்கீடு வருமானம் குறைந்தோர்க்கு மட்டுமென வரையறுக்கப்பட்டது. 1979 செப்ரெம்பரில் உணவு முத்திரை அதனை நீக்கிற்று. கொத்து என்பது பண்டத்தின் அளவை. முத்திரையோ ரூபாவின் அளவை. கொத்தரிசியின் 3,100 கலோரியைப் பணவீக்கத்தாற் குறைக்க முடியாது. முத்திரையின் ரூபாவைக் குறைக்க முடியும். அவ்வாறே குறைந்தது. 1980களின் தொடக்கத்தில் மிகவறிய ஐந்திலொரு பங்கினரின் கலோரி நுகர்வு வீழ்ந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1953இல் வீதிக்கு வந்த விலையேற்றம், இம்முறை அறிவிப்பின்றி மாதந்தோறும் வந்தமையால் அதற்கெதிராக ஒரு நாள் குறித்து ஹர்த்தால் நடத்த இயலாதாயிற்று.

இன்று கலோரி வறுமைக் கோட்டிற்குள் குடியேறியுள்ளது. தொகைமதிப்புத் திணைக்களம் 2002ஆம் ஆண்டுக்கு வகுத்த உத்தியோகபூர்வ வறுமைக் கோடு ஆளொருவருக்கு மாதம் 1,423 ரூபா. நாளொன்றுக்குச் சராசரி 2,030 கலோரி என்பது அதன் அடித்தளம். இந்தியாவிலும் 1979இலிருந்து கிராமத்திற்கு 2,400, நகரத்திற்கு 2,100 என்னும் கலோரி எண்களே பல்லாண்டுகள் வறுமையை வரையறுத்தன. இவ்வெண்கள் நெஞ்சற்றவை என்று கவிதை மனத்தோடு ஒதுக்கிவிடுதல் எமக்கு உடன்பாடன்று. எண் இல்லாவிடிற் பசியை மறுப்பது ஆளுவோர்க்கு இன்னும் எளிது. ஆயின் 2,030 என்பது ஒரு கூட்டுத்தொகை. அது முழுவதும் சோற்றாலும் சீனியாலும் நிரம்பினும் 2,030தான். பருப்பும் மீனும் தேங்காயும் சேர்ந்து நிரம்பினும் 2,030தான். 2022 செப்ரெம்பரிற் கொழும்பின் உணவு விலைவாசி முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ நூற்றுக்கு 95 வீதம் உயர்ந்தபோது, வடகொழும்பின் தோட்டங்களில் மீன், முட்டை, பருப்பு என ஒவ்வொன்றாகக் கறி தட்டை விட்டு நீங்கிற்று. சோறு இறுதிவரை நின்றது. தொகை ஓரளவு நிலைக்க, உள்ளடக்கம் மாறிற்று.

அத்தோட்டங்களிலே மெலிந்த பிள்ளையும் நீரிழிவுற்ற பாட்டியும் ஒரே அறையில் வாழ்வதை இப்போது காண்கின்றோம். காபோவைதரேற்று மிகுந்து புரதம் குன்றிய ஒரே சட்டிச் சோறுதான் இருவருக்கும். துறைமுகத்திற் கொள்கலன்களைப் பாரந்தூக்கிகள் இறக்கத் தொடங்கியபின் முதுகிற் சுமக்கும் வேலை அருகிவிட்டது. முச்சக்கர வண்டியும் காவற் தொழிலும் அவ்விடத்தைப் பிடித்தன. 3,500 கலோரி எரித்த உடல்களின் பேரப்பிள்ளைகள் அதே சோற்றளவோடு அமர்ந்திருந்து தொழில் செய்கின்றனர். கிளினிக்கில் அவர்களுக்குச் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுமாறு அறிவுரை வழங்கப்படுகின்றது. கறியின் விலையை அவ்வறிவுரை கூறுவதில்லை.

வெள்ளவத்தை ஆலையும் இன்று இல்லை. 1933இல் வேலைநிறுத்தம் நடந்த அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி எழுந்துள்ளது. அதனைச் சூழவுள்ள வீதிகளில் உடற்பயிற்சிக் கூடங்கள் பல. இரவு ஏழு மணிக்குக் காலி வீதிப் பேருந்திலிருந்து பார்ப்பின், கண்ணாடிச் சுவருக்கப்பால் ஓடும் பட்டியின் மீது நடுத்தர வர்க்கத்து இளைஞர் ஓடிக்கொண்டிருப்பதும், இயந்திரத்தின் முகப்பிற் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருப்பதும் தெரியும். அவை எரித்த கலோரியின் எண்கள்.